ராஜம்மாள் டாக்கீஸில் மழை

படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தரை டிக்கெட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"மூணு நாளைக்கு ஒருக்காத் தண்ணி உடறானாமா? நமக்கெல்லாம் பத்து நாளைக்கு ஒருக்காங்க. வில்லன் ரொம்ப நல்லவனாட்டம் இருக்குதுங்களே."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. ஆபரேட்டர் அறையில் நின்றிருந்த திருமலைசாமிக்கு மீசை துடித்தது.

ஆனைமலை போகிற வழியில் அவருடைய பாட்டனார் தம் மனைவி பெயரில் கட்டிய கொட்டகை அது. மூன்று தலைமுறையாக, படம் முடிந்து திரையில் 'வணக்கம்' விழுவதற்கு முன்னால் ஒருவரும் எழுந்து போனதில்லை என்பது குடும்பப் பெருமை. அதைச் சொல்லித்தான் மகனுக்குப் பீளமேட்டில் பெண் கேட்டிருந்தார். பெண்ணின் அப்பா அரங்கசாமி மில்காரர். கேள்விப்பட்டால் போதாது, ஒரு மேட்னி நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று மனைவி ராமாமணியோடு அன்று காரில் வந்து இறங்கிவிட்டார். பால்கனி முன்வரிசையில் சோபா போட்டு இருவரையும் உட்காரவைத்துவிட்டுத்தான் திருமலைசாமி மேலே ஏறியிருந்தார்.

ஹாலிவுட்டிலிருந்து வந்து தமிழ் பேசுகிற படம். கி.பி. 2150. உலகத்தில் நூறு வருடமாக மழையே இல்லை. இருக்கிற தண்ணீரை ஒரு சர்வாதிகாரி பூட்டிவைத்து மூன்று நாளைக்கு ஒரு முறை அளந்து விடுகிறான். மெட்ராஸில் ஜனங்கள் பயந்து நடுங்கினார்கள் என்று விநியோகஸ்தர் சொல்லியிருந்தார். முந்நூறு அடிக்கு போர் போட்டுப் புழுதியைப் பார்த்த ஜனங்களுக்கு அந்தப் பயம் போதாது என்பது திருமலைசாமிக்குத் தோன்றவில்லை.

கதாநாயகன் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றான்.

"ஏனுங்க தம்பி, குடிக்கவே தண்ணியில்லீங்கறீங்க. இந்தச் சட்டைய எங்கீங்க வெளுக்கப் போட்டீங்க?"

திருமலைசாமி சத்தத்தைக் கூட்டச் சொன்னார். ஆபரேட்டர் ஐயாசாமி கூட்டினார். ஸ்பீக்கர் அலறியது. கதாநாயகன் புரட்சி முழக்கமிட்டபோது ஓட்டில் அடைந்திருந்த புறாக்கள் பறந்தன.

"கத்தாதீங்க தம்பி. தொண்டை காஞ்சு போச்சுன்னா நனைக்கறதுக்கும் ஒண்ணுமில்ல, பாத்துக்குங்க."

இப்போது பெண்கள் பக்கமும் சிரித்தது.

படம் இழுப்பதால்தான் வாய் நீள்கிறது என்று முடிவுகட்டி, பாலைவனத்தில் நடந்துகொண்டே இருக்கிற நாலாவது ரீலை விட்டுவிடச் சொன்னார் திருமலைசாமி. கதையே அதில்தான் இருக்கிறது என்று ஐயாசாமி மென்று விழுங்கினார்.

"கதை கெடந்துட்டுப் போகுது. இங்க மானம் போகுது."

நடந்து முடித்த இடத்தில்தான் கதாநாயகனும் சர்வாதிகாரியின் மகளும் சந்தித்து, காதலித்து, கல்யாணமும் செய்திருந்தார்கள். அது போய்விட்டதால், முன்பின் பார்த்திராத இருவரும் ஐந்தாவது ரீலில் கைக்குழந்தையோடு நின்றார்கள்.

"தண்ணியே இல்லாம வெள்ளாமை நல்லா வந்திருக்குதுங்களே."

விசில் பறந்தது. சம்பந்தியாக வரப்போகிறவர் பால்கனியில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கவே திருமலைசாமிக்கு உடம்பு கூசியது. ஒரு தமிழ்ப் பாட்டைப் போட்டால் அடங்குவார்கள். படம் படுத்தால் நடுவில் வேறு படத்துப் பாட்டைச் செருகுவது அந்தக் கொட்டகையில் புதிதல்ல. போன வாரத்துப் பாட்டுத் துண்டு ஒன்று பெட்டியில் கிடந்தது. அதை ஒட்டச் சொன்னார். என்ன பாட்டு என்று அவர் கேட்கவில்லை. ஏற்கெனவே ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்ட ஐயாசாமியும் சொல்லவில்லை.

நூறு வருடம் காய்ந்த பூமியில் மழை கொட்டியது. ஊட்டிப் புல்வெளியில் மஞ்சள் புடவைக்காரி ஒருத்தி நனைந்து நனைந்து ஆடினாள்.

"அப்பாடா, மழை பேஞ்சிருச்சுங்க. வில்லனுக்கு இனி வேலையில்ல. எந்திரிங்க, ஊட்டுக்குப் போலாம்."

ஜனம் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தது.

மூன்று தலைமுறை ஆட்டம் கண்டது. திருமலைசாமி எல்லாக் கதவையும் அடைக்கச் சொல்லிவிட்டு, கேட் கீப்பர் நஞ்சப்பனைக் கூப்பிட்டு, அந்த வாயாடியைப் பிடித்துப் போஸ்டர் ரூமில் போட்டுப் பூட்டச் சொன்னார். நஞ்சப்பன் போய்ப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்.

"ஊருக்குப் புது ஆளுங்க. பாத்தா பெரிய மனுசராட்டம் தெரியுதுங்க."

"பெரிய மனுசன் தரை டிக்கெட்டுல எதுக்கு உக்காரப் போறான்? வாயில துண்ட வெச்சுத் தூக்கிட்டுப் போப்பா."

காரியம் நடந்தது. கொட்டகை கப்பென்று அடங்கியது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். வில்லன் சாகும்போது பின்வரிசையில் யாரோ 'உச்' கொட்டியதைத் தவிர வேறு சத்தமில்லை. 'வணக்கம்' விழும்வரை ஒருவரும் வெளியே போகவில்லை. கதவு பூட்டியிருந்ததும் ஒரு காரணம்.

விளக்குப் போட்டதும் திருமலைசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்த நடையாகப் பால்கனிக்கு வந்தார். சோபாவில் ராமாமணி மட்டும் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். பக்கத்து இடத்தில் மடித்த செய்தித்தாள் கிடந்தது.

"எவனோ போக்கத்தவனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க. எங்க ஜனம் இப்பிடியில்லீங்க. ஆளைப் புடிச்சு அடைச்சாச்சு," என்றவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அவரு எங்கீங்க?"

ராமாமணி கடைசி முறுக்கைக் கடித்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு சாவகாசமாக எழுந்தார்.

"இருவத்தெட்டு வருசமா எந்தக் கொட்டாயிலயும் அவரு வாய அடைக்க ஆளில்லீங்க, பொண்ண உங்க ஊட்டுக்கே குடுக்கறமுங்க, அவரை மட்டும் நாம காப்பி குடிச்சுப்போட்டு மெதுவாத் தொறந்து உடலாமுங்க."