மஞ்சள் கோடு போட்ட வீடு

ஓசூரில் இரண்டு வருடம் குடியிருந்த யாரும் இந்தப் பிறவியிடமிருந்து தப்பித்திருக்க முடியாது. பெயர், ஆடிட் ஆசாமி. கம்பெனியைச் சோதனை போட வெளியாள் வருகிறார் என்றதும் தரையைக் கழுவி, மிஷினைத் துடைத்து, செடிக்குப் பெயின்ட் அடிக்காத குறையாக எல்லாவற்றையும் பளபளக்க வைத்து, கழித்துப்போட்ட உதிரிகளை மொத்தமாக ஒரு மினி லாரியில் ஏற்றி, ஆடிட்டர் காப்பி குடித்துக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பும் வரை அந்த லாரியைப் பாகலூர் ரோட்டில் மேலும் கீழுமாக ஓட்டச் சொல்கிறாரே, அவரேதான். அதைக் கம்பெனியோடு நிறுத்திக்கொள்வாரா? மாட்டார். சம்பந்தி வந்தாலும் அவருக்கு ஆடிட்தான், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தாலும் ஆடிட்தான்.

எங்கள் வீட்டு மாடியில் ஒருவர் இருக்கிறார். கமலக்கண்ணன். சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். இங்கே உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. சட்டைப்பையில் பேனா இருக்குமோ இல்லையோ, அளவெடுக்கும் வெர்னியர் இருக்கும். பூரியின் குறுக்களவை அவர் எடுத்துப் பார்த்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் தங்கமான மனுஷன். அவரும் மனைவி ராஜலட்சுமியும் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க மனுப் போட்டார்கள். ஹோம் ஸ்டடிக்கு ஒரு அம்மா வருவார், வீட்டையும் மனிதர்களையும் பார்த்து அறிக்கை எழுதுவார், அது நல்லபடியாக இருந்தால்தான் குழந்தை என்று தகவல் வந்தது. போதாதா?

மறுநாளே கூடத்துத் தரையில் மஞ்சள் டேப். நடக்கும் பாதை இது, சோபாவின் எல்லை இது, குழந்தை விளையாடும் இடம் இது, நாலடிக்கு நாலடி. உப்பு டப்பாவில் ‘உப்பு’ என்று சீட்டு, சரி, இருக்கட்டும். டப்பாவைத் தூக்கினால் அடியில் ‘உப்பு டப்பாவின் இடம்’ என்று இன்னொரு சீட்டு எதற்கு? சாமி படத்துக்குக் கீழே தீயணைப்பான் வேறு. கற்பூரம் காட்டும்போது முருகனே கொஞ்சம் பயந்திருப்பார்.

அப்புறம் ஆரம்பித்தது சிவப்புச் சீட்டு. கம்பெனியில் பயன்படாமல் கிடக்கும் பொருளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி அப்புறப்படுத்துவார்கள். வீட்டிலும் ஒட்டினார். பீரோவின் அடித்தட்டுக்கு வந்தபோது ராஜலட்சுமி குறுக்கே வந்து நின்றார்.

“ஏங்க, அது என் சாமான். அதுல கை வைக்காதீங்க.”

“ஒரு வருஷத்துல இதை ஒருதரமாவது யூஸ் பண்ணினியா?”

“இல்ல. ஆனா…”

“அப்பச் சிவப்பு.”

என்ன என்று விரித்துப் பார்க்கக்கூட இல்லை. கைக்கு வந்ததற்கெல்லாம் சீட்டை ஒட்டி, அப்படியே சாக்கில் அள்ளிக் கட்டி எதிர்வீட்டு மாரம்மாவிடம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். கம்பெனிக்கு லாரி, வீட்டுக்கு மாரம்மா.

மனைவிக்குப் பயிற்சியும் நடந்தது. கேட்டதற்கு மட்டும் பதில். ஆமாம், இல்லை, அவ்வளவுதான். நாமாக எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. தெரிந்தவர் என்று என் பெயரைக் கொடுத்திருந்ததால் எனக்கும் ஒரு பக்கம் மனப்பாடம். பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

அறிக்கை எழுதும் ஜோதிமணி மேடம் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வந்தார். தெரிந்தவர் என்ற முறையில் நானும் ஓரமாக நின்றேன். செருப்பைக் கழற்றினார். சோபா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மஞ்சள் கோட்டின் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். கமலக்கண்ணனுக்கு வேர்த்துவிட்டது.

“கொழந்த பாலைத் தட்டி விட்டுடுச்சின்னா என்ன சார் பண்ணுவீங்க?”

“மூல காரணம் கண்டுபிடிப்போம் மேடம். ஏன், ஏன்னு அஞ்சு தடவை கேப்போம்.”

“அதுவே உங்கள ஒரு நாளைக்கு ஐந்நூறு ஏன் கேக்கும் சார்,” என்று சிரித்துவிட்டு ராஜலட்சுமி பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. கொழந்தைன்னு நெனச்சா மனசுல என்ன வருது?”

ஆமாம், இல்லை இரண்டிலும் அடங்காத கேள்வி. ராஜலட்சுமி கணவரைப் பார்த்தார். அவர் கண்ணைக் காட்டினார்.

“ஆமா மேடம்,” என்றார் ராஜலட்சுமி.

ஜோதிமணி ஏதோ எழுதினார். பேனாவை மூடினார். பதினோரு வருடம் அந்தப் பேனா மூடியோடு மூடிக்கொண்டது போல இருந்தது எனக்கு. அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்போதுதான் மாரம்மா சாக்கு மூட்டையோடு தடதடவென்று படியேறி வந்தார்.

“அய்யோ தேவுடா! இன்னா சார் இது, மூட்டைக்குள்ள கொழந்த அழுவுது!”

சொன்னது பொய்யில்லை. மூட்டை வீல் வீல் என்று அழுதது. தத்துக் குழந்தைக்கு வீடு பார்க்க வந்த அம்மாவின் முன்னால், அழும் மூட்டை! பாகலூர் ரோட்டில் எத்தனையோ லாரி விட்டவருக்கு, ஒரு லாரிகூட இப்படி அழுதுகொண்டு திரும்பி வந்ததில்லை. ஜோதிமணி எழுந்து வந்து முடிச்சை அவிழ்த்தார்.

மாரம்மாவின் ஆடு மிதித்ததில் பட்டன் அழுந்திய ஒரு பேட்டரி பொம்மை. அதற்கடியில் ஐந்து கவுன்கள். ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரிசு. ஐந்திலும் சிவப்புச் சீட்டு.

“இது யாருதும்மா?”

ராஜலட்சுமி இந்தத் தடவை கணவரைப் பார்க்கவில்லை. “தத்தெடுக்கலாம்னு மொதல்ல பேசின வருஷம் தீபாவளிக்கு ஒண்ணு வாங்கினேன் மேடம். வீடு ரெடியாகட்டும், அடுத்த வருஷம் பாப்போம்னார். பிள்ளை வளந்திருக்குமேன்னு அடுத்த தீபாவளிக்கு ஒரு சைஸ் பெரிசா வாங்கினேன். அப்படியே அஞ்சு வருஷம்.” சொல்லும்போதே அழுதுவிட்டார்.

கமலக்கண்ணன் உட்கார்ந்து, ஒவ்வொரு கவுனிலிருந்தும் சிவப்புச் சீட்டைப் பிய்த்தார். துணி கிழியாமல், மெதுவாக. கடைசிச் சீட்டையும் பிய்த்துவிட்டுக் கேட்டார்: “எத்தனை குறை மேடம்?”

“ஒண்ணுதான் சார். இந்த வீட்ல ஒரு பொம்மையாவது வெளிய கிடக்கணும்.”

“எத்தனை நாளுக்குள்ள சரி பண்ணணும்?”

பாருங்கள், பிறவிக் குணம்! பொம்மையை எடுத்துப் போய் மஞ்சள் கட்டத்தின் நட்டநடுவில் நேராக வைத்தார். ராஜலட்சுமி மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்து, காலால் அதைக் கோணலாகத் தள்ளிவிட்டார். ஜோதிமணி பேனாவைத் திறந்தார்.

அறிக்கை நல்லபடியாகப் போய், இப்போது முறை வரும் வரை காத்திருக்கிறார்கள். இந்தத் தீபாவளிக்குக் கவுன் வாங்கப் போனது கமலக்கண்ணன். என்ன சைஸ் என்று கேட்ட கடைக்காரரிடம், “தெரியலிங்களே” என்றாராம், வெர்னியரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? அழைப்பு மணி அடித்தால் முதலில் கதவைத் திறக்கிறவரா நீங்கள்? சோபாவில் கிடப்பதை அள்ளிக்கொண்டு உள்ளறைக்கு ஓடுகிறவர்தானே? ஓடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மூட்டை கட்டும்முன் உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் வீட்டில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாரம்மா இனிமேல் யார் மூட்டையையும் வாங்கி வைக்கிறதில்லை.