குடை நிழலைத் தொலைத்த நண்பகல்

ஏழு ஆறுகள் ஓடுவதாகக் கொடியில் வரைந்து வைத்துக்கொண்டு, ஒன்றுகூட ஓடாத ஒரு நாடு இருந்தது. அதற்கு நிழல்நாடு என்று பெயர். பெயரைக் கேட்டு யாரும் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டாம்.

அந்த நாட்டுத் தேர்தலில் பெட்டியும் கிடையாது, மையும் கிடையாது. தேர்தலன்று நண்பகலில் போட்டியிடுகிறவர்கள் ஆளுக்கொரு மரத்தடியில் போய் நிற்பார்கள். நிழலின் விளிம்பில் நிழலளவர் சுண்ணாம்புக் கோடு போடுவார். எவர் கோட்டுக்குள் அதிகத் தலைகள் நிற்கின்றனவோ அவர் ஆள்வார். இவ்வளவுதான் சட்டம். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். ஆள வந்தவர்களுக்கு அதுதான் உறுத்தியது.

இப்போது ஆளும் குடைவேந்தர் விவரமானவர். மரத்தடியில் நின்று ஜெயித்தவர், அரியணை ஏறியதும் ஒரு தெருவையே மூடுகிற அளவுக்குக் குடை ஒன்று செய்துகொண்டார். அதைத் தூக்கவே எட்டுப் பேர் வேண்டும். பிறகு அமைச்சர் திருவுள்ளம் முதல் ஆணையை வாசித்தார்.

"மூத்த மரங்கள் இன்னும் நின்றுகொண்டேயிருப்பது நமது அரசின் கருணைக்கு இழுக்கு. எனவே அவற்றுக்கு ஓய்வளித்துப் படுக்க வைப்போம்."

படுக்க வைத்தார்கள். படுத்த மரங்கள் அமைச்சருடைய மைத்துனரின் மரஅறுவைக் கூடத்தில் ஓய்வெடுத்தன.

அடுத்த தேர்தல் சித்திரை மாதத்தில் வந்தது. ஊரில் இருந்த ஒரே நிழல் குடை நிழல். உச்சிவெயிலில் கால் பொசுங்க, வேண்டியவர்களும் வேண்டாதவர்களும் அதற்குள்தான் ஓடினார்கள். "மக்கள் மனம் மாறிவிட்டார்கள்" என்று அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படியே பல தேர்தல்கள் கழிந்தன. மழை நின்றுபோனது. பொழியாமல் கடக்கும் மேகங்கள் அத்துமீறி நுழைந்தவையாகக் கருதப்படும் என்று ஓர் ஆணை வந்தது. கிணறுகள் வற்றின. சுவர்களில் பச்சை மரங்கள் தீட்டப்பட்டு, களைத்தவர்கள் அவற்றின் அடியில் அமர்ந்து இளைப்பாற வேண்டும் என்று இன்னோர் ஆணை வந்தது. இளைப்பாறாதவர்களைப் பிடித்துக்கொண்டு போக ஆள் இருந்தது.

பாதை இல்லாத காரணத்தால் ஒரே ஒரு காடு மிஞ்சியிருந்தது. அதன் நடுவில் ஒரு மருதமரம். எத்தனை தலைமுறை பழையது என்று யாருக்கும் தெரியாது. ஊத்தடி கிராமத்தார் அதைப் 'பெரியவ' என்பார்கள். அவள் வேரடியில் ஓர் ஊற்று. ஊத்தடி குடிப்பதும் குளிப்பதும் அந்தத் தண்ணீர். அது நின்றால் ஊர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பாதை போட்டாயிற்று. அமைச்சர் வந்தார். காட்டின் ஓரத்தில் டீக்கடை வைத்திருந்த சடைச்சியை அழைத்தார்.

"அம்மையீர், அந்த மரம் நெடுங்காலமாக நிற்கிறதாமே. அதற்குக் கால் வலிக்காதா?"

"வலிக்குதுன்னு அவ சொன்னாளா, நீங்களாச் சொல்றீங்களா?"

"அரசு அனைவரின் வலியையும் அறியும்."

"அப்படியா. எங்க வலிய விட்டுட்டு மரத்து வலியப் பாக்க வந்துட்டீங்களாக்கும். சரி, வெட்டலாமா கூடாதான்னு வாக்கு வைங்க. ஊர்ல ஒருத்தர் கேட்டாலே வைக்கணும்னு சட்டம் இருக்குல்ல. எந்த இடத்தப் பத்திப் பேச்சோ அந்த இடத்துலதான் வைக்கணும்னும் இருக்கு."

அமைச்சருக்கு உள்ளூரச் சிரிப்பு. ஊத்தடியில் இருப்பது ஒரு கைப்பிடி ஜனம். தலைநகரிலிருந்து வண்டி வண்டியாக ஆள் வரும், குடையும் வரும். "மன்னரை ஆதரிப்போர் குடை நிழலில், மற்றோர் மர நிழலில்" என்று அங்கேயே அறிவித்துவிட்டார்.

குறித்த நாளில் வண்டிகள் காட்டுக்குள் நுழைந்தன. தலைநகரத்து இளசுகள் இலை வைத்த மரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. வழியெல்லாம் வாழ்க வாழ்க என்று கத்திக்கொண்டு வந்தவர்களின் சத்தம், யாரும் அடக்காமலே அடங்கியது. பெரியவளின் அடிமரத்தை வளைத்துப் பிடிக்க ஒரு கல்யாண வீட்டு ஜனம் வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் கிளைக்கு மேல் கிளை, இலைக்கு மேல் இலை. வானம் எங்கோ அப்பால் இருந்தது. ஈர மண் வாசனை. காலுக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தம். குடை தூக்குகிறவர்களில் ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். எனக்கு இதையெல்லாம் சொல்லத் தெரியவில்லை. நம் பிறவிக்கு முன்னாலிருந்து ஒருத்தி அங்கே நின்றுகொண்டிருக்கிறாள். அவள் முன்னால் போய் நின்றால் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

நண்பகல் ஆனது. குடையை விரித்தார்கள். குடைவேந்தர் அதன் கீழ் நின்றார். வண்டியில் வந்தவர்கள் அவரைச் சுற்றி நெருக்கியடித்தார்கள். சடைச்சியும் ஊத்தடி ஜனமும் பெரியவள் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டார்கள்.

நிழலளவர் உத்தமன் சுண்ணாம்புச் சட்டியோடு வந்தார். சட்டத்தைத் தவிர வேறெதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர். குனிந்து தரையைப் பார்த்தார். குடையைச் சுற்றி நடந்தார். மறுபடியும் சுற்றினார்.

"என்ன தாமதம்?" என்றார் அமைச்சர்.

"குடையின் நிழலைக் காணவில்லை, ஐயா."

"குடை இங்கே இருக்கிறது. நிழல் மட்டும் எங்கே போகும்?"

"வெயில் பட்டால்தான் குடைக்கு நிழல். இங்கே வெயிலே இறங்கவில்லை. கிடப்பது முழுக்க மரத்தின் நிழல்."

மரமே இல்லாத ஊரில் இத்தனை காலம் வாழ்ந்ததில் அரண்மனையில் எல்லோருக்கும் அது மறந்துபோயிருந்தது.

நிழலளவர் மர நிழலுக்குக் கோடு போடப் போனார். போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். திரும்பி வந்தபோது சட்டியில் சுண்ணாம்பு தீர்ந்திருந்தது, நிழல் தீரவில்லை.

"எல்லாத் தலைகளும் மரத்துக்கு" என்று அறிவித்தார். "அமைச்சர் உட்பட. மன்னர் உட்பட."

அமைச்சரின் முகம் செத்துவிட்டது. "மன்னா, உடனே வெளியே வாருங்கள். வெயிலில் குடையை விரித்து மறுவாக்கு வைப்போம்."

குடைவேந்தர் அசையவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். பிறகு, தாகமாக இருக்கிறது என்றார். சடைச்சி ஊற்றில் ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள். குடித்து முடித்துச் சொம்பைத் திருப்பித் தர மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாமே" என்றார். மன்னர் ஆணையிடாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இருங்க சாமி" என்றாள் சடைச்சி. "அவ யாரையும் போகச் சொல்ல மாட்டா."

வெயில் தாழ்ந்துதான் அவர்கள் கிளம்பினார்கள். பெரியவள் மேல் ஒரு கோடரிகூடப் படவில்லை. ஊத்தடியில் அன்று பாயசம்.

ஆனால் தலைநகரம் போனதும் மன்னர் மறுபடியும் மன்னராகிவிட்டார். அந்த மாதமே முரசு அறைந்தார்கள்: "வெயிலின் கொடுமை கருதி, இனித் தேர்தல் இரவில் நடைபெறும். இரவில் கவியும் இருள் முழுவதும் மன்னரின் குடை நிழலே. தத்தம் வீடுகளில் உறங்குவோர் மன்னருக்கு வாக்களித்தோராகக் கொள்ளப்படுவர். முதல் வாக்கு, ஊத்தடி மரம் குறித்து."

முரசு ஊத்தடியிலும் கேட்டது. ஜனங்கள் கடைவாசலில் கூடி, என்ன செய்வதென்று தெரியாமல் சடைச்சியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் பெரிய அண்டாவை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"தூங்குறவங்க வாக்குதான அவருக்கு? யாரும் தூங்காதீங்க, அடுப்பு வெளிச்சத்துல வந்து உக்காருங்க. டீ நான் போடுறேன்."