சபைக்கு ஏத்த கத்தி

“தாத்தா, கல்யாண வீட்டுக்குக் கத்தியோட வந்திருக்கீகளே, யாரை வெட்டப் போறீக?”

ஆறு மாதத்துக்கு முன்னால் சின்னமனூரில் ஒரு கல்யாணத்தில் அண்ணன் பேத்தி கேட்ட கேள்வி இது. சிக்கிக்கொண்ட மாலை நாரை அறுக்க, சீனிச்சாமி இடுப்பிலிருந்து கத்தியை உருவிய நேரம். ஓடைப்பட்டியில் அவருக்கு மூன்று ஏக்கர் திராட்சைத் தோட்டம். கொடி கழிக்கிற கத்தி அது. பிடியில் சணல் சுற்றியிருக்கும். அலகு முழுக்கக் கறை. சபையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மனைவி பவுனு மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது சொந்த மகள் சினேகாவுக்கு நிச்சயதார்த்தம்.

“அங்கன வந்து கத்தியை உருவினீக, நான் அப்படியே பஸ் ஏறி எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்” என்று பவுனு சொல்லிவிட்டாள்.

அவள் பயம் நியாயமானதுதான். மாப்பிள்ளை சூரியபிரகாஷுக்குப் பெரிய அத்தை ஒருத்தர் இருந்தார், கஸ்தூரியம்மாள். சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு வந்த சம்பந்தத்தை, சீர்த்தட்டு இரட்டைப்படையில் வந்தது என்று வாசலோடு திருப்பி அனுப்பியவர் என்று பேச்சு. சினேகாவோ, கட்டினால் சூரியபிரகாஷைத்தான் என்று இரண்டு வருஷம் காத்திருந்தவள்.

ஆனாலும் கத்தி இல்லாமல் விசேஷத்துக்குப் போவது சீனிச்சாமிக்குச் சட்டையில்லாமல் போவது போல. எந்த விசேஷத்திலும் ஏதோ ஒரு முடிச்சு அவிழாமல் யாராவது தவிப்பார்கள். அந்த நேரத்தில் எடுத்து நீட்ட ஒரு கத்தி வைத்திருப்பதும் தர்மம்தான் என்பது அவர் எண்ணம். கத்தி லட்சணமாக இருந்துவிட்டால் பவுனுவும் பேச மாட்டாள் என்று நினைத்துத் தேனிக்குப் போனார்.

“தம்பி, சம்பந்தி வீட்டு ஆளுகளைப் பாக்கப் போறேன். ஒரு கத்தி வேணும்.”

கடைக்கார ஆண்டனி ராஜ் கையிலிருந்த ஆணிப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். “என்னண்ணே, எதுவும் பிரச்சினையா?”

“நிச்சயதார்த்தம்ப்பா.”

“பேசித் தீத்துக்கலாம்ல?”

“அட, சபையில எடுத்தா மரியாதையா இருக்கணும். சட்டைப் பையில பேனா மாதிரி நிக்கணும்.”

ஆண்டனி ராஜ் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ஒன்றில் பொத்தானைத் தொட்டதும் அலகு சடக்கென்று பாய்ந்தது. “இது ஜாமீன் கிடைக்காத கத்தி” என்று சீனிச்சாமி ஒதுக்கினார். இன்னொன்றில் கரண்டி, முள், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் இருந்தன. “இதை எடுத்தா சமையலுக்கு வந்தவன்னு நெனப்பாக.”

கடைசியாக வந்தது ஈட்டி மரப் பிடி போட்டது. இரண்டு முனையிலும் பித்தளை, விரல் நீள அலகு. மடக்கினால் சத்தமில்லாமல் மடங்கியது.

“இதுதான்யா வேட்டி கட்டுன கத்தி” என்று வாங்கிக்கொண்டார்.

நிச்சயத்தன்று வேன் பழனிசெட்டிபட்டி மண்டபத்தை நெருங்கும்போது, முன்சீட்டிலிருந்த பவுனு திடீரென்று திரும்பினாள். “எங்க, சட்டைப் பையைக் காட்டுங்க.”

அவள் எழுந்து வருவதற்குள், மடியிலிருந்த திராட்சைத் தட்டில் குலைகளுக்கு அடியில் கத்தியைச் செருகிவிட்டார். பை வெறுமையாக இருந்தது. பவுனு முகம் மலர்ந்தது. இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தார். ஆனால் வேன் நின்றதும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஓடிவந்து, கைக்குக் கை தட்டுகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மொத்தம் இருபத்தோரு தட்டு. அதில் ஏழு திராட்சை.

கத்தி எதில் என்று சீனிச்சாமிக்குத் தெரியவில்லை. நிச்சயத் தட்டில் கத்தி போனால் உறவு அறுந்துபோகும் என்பார்கள். கஸ்தூரியம்மாள் கண்ணில் பட்டால் சினேகாவின் கதி?

‘வீரபாண்டி கௌமாரித் தாயே, நூத்தியெட்டுத் தேங்காய் உடைக்கிறேன்.’

மேடையோரம் வரிசையாக இருந்த தட்டுகளை அடுக்குவது போல உட்கார்ந்து, ஒரு குலைக்குள் விரலை விட்டார்.

“சம்பந்திக்குப் பசி போல!” என்றார் மாப்பிள்ளையின் அப்பா ராஜபாண்டி. “ஏலே, டிபன் கொண்டாங்கடா!”

இரண்டு வடையையும் கேசரியையும் விழுங்கி முடிப்பதற்குள் கால்மணி நேரம் போய்விட்டது.

‘தாயே, மொட்டை போடுறேன்.’

மறுபடி தட்டருகே போனார். “அழுகின பழம் ஒண்ணு ரெண்டு கெடக்கும், பாத்து எடுத்துர்றேன்.”

“நிச்சயத் தட்டுல அழுகலா?”

கஸ்தூரியம்மாள் எழுந்து நின்றார்.

“இல்லக்கா! அழுகல் இல்ல. கொஞ்சம் கூடுதலாப் பழுத்தது.”

“பழுத்தது பழுத்தபடி கெடக்கட்டும். போயி உட்காருங்க.”

எல்லாரும் போட்டோவுக்கு நின்ற சமயத்தில் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். துண்டில் கொட்டித் தேடினார். கத்தி இல்லை. அதற்குள் வெளியே கணீரென்று ஒரு குரல் கேட்டது.

“பத்தொம்பது, இருபது... இருபதுதான் இருக்கு!”

“இந்தாருக்கு இருபத்தொண்ணு” என்று தட்டோடு வெளியே வந்தார் சீனிச்சாமி. தோள் துண்டிலிருந்து சாறு சொட்டியது.

“எங்கன கொண்டு போனீக?” என்றார் கஸ்தூரியம்மாள்.

“காத்தாட...”

“பழத்துக்குமா வேர்க்குது?”

கூட்டம் சிரித்தது. கஸ்தூரியம்மாள் சிரிக்கவில்லை. தட்டுகளையெல்லாம் அறைக்குள் வைக்கச் சொல்லி, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். மேடையிலிருந்து சினேகா அப்பாவையே பார்த்தாள்.

‘தாயே, தீச்சட்டி எடுக்குறேன்.’

மாலை போட்டார்கள். சினேகாவின் மாலையில் இருந்த நைலான் நூல் கழுத்துச் சங்கிலியில் முறுக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. ராகுகாலத்துக்குப் பத்தே நிமிடம்.

“யார்ட்டயாவது கத்தி இருக்கா?”

ஓடைப்பட்டி ஜனம் மொத்தமும் ஒரே பக்கம் திரும்பியது. “மாமாட்ட இல்லாமலா!”

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, சீனிச்சாமி வெறும் பையை வெளியே இழுத்துக் காட்டினார்.

“அட பாவி மனுஷா, இன்னைக்குன்னு பாத்தா கொண்டு வராம இருந்தீக!” என்று அழாத குறையாகச் சொன்னாள் பவுனு.

“தள்ளுங்க எல்லாரும்” என்று கஸ்தூரியம்மாள் மேடையேறினார். சபைக்கு முதுகைக் காட்டி, சினேகாவைத் தன் முந்தானையால் மறைத்தபடி குனிந்தார். ஒரு நொடிதான். நூல் அறுந்தது, சினேகா நிமிர்ந்தாள். எதைக் கொண்டு அறுத்தார் என்று யாரும் பார்க்கவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. மோதிரம் மாற்றினார்கள்.

சாப்பாடு முடிந்து, மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் சீனிச்சாமி தனியாகக் கை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். நிமிர்ந்தார். கஸ்தூரியம்மாள்.

அந்தம்மா முன்னும் பின்னும் பார்த்தார். ஆளில்லை என்று தெரிந்ததும், சீனிச்சாமியின் ஈரக் கையில் ஒரு ஒற்றை ரூபாயை வைத்து விரல்களை மூடினார்.

“வேன்ல உங்க தட்டை வாங்குனதே நான்தான் சம்பந்தி, பழத்துக்கு அடியில கெடந்தது அப்பவே என் இடுப்புக்கு வந்துருச்சு. நீங்க ஒவ்வொண்ணாக் கிளறக் கிளற, ஊருக்கே தெரிஞ்சிருமோன்னு எனக்குத்தான் ஈரக்கொலை நடுங்குச்சு. ஓசியில வாங்குன இரும்புதான் ஒறவை அறுக்கும். இந்தா, வெலையக் குடுத்துட்டேன்.”