எஃப் மாமன்

"யாரக் கேட்டுய்யா எனக்கு எஃப் போட்ட?"

அழகுராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோதுதான், மைக்கை அணைக்க மறந்தது, திரையில் வீடியோ ஓட்ட வந்திருந்த இம்மானுவேலுக்கு உறைத்தது. "மூத்த மாமன் ஈ, இளைய மாமன் எஃப்" என்று அவன் தனக்குள் முணுமுணுத்ததை உசிலம்பட்டி மண்டபம் முழுக்கக் கேட்டிருந்தது.

முத்துத்தாயின் மகள் பவதாரிணிக்குக் காதுகுத்து. தாய்மாமன்கள் காசிமாயனும் அழகுராஜாவும் தத்தம் வீட்டிலிருந்து சீர் கிளம்பியதை வீடியோ எடுத்து, ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரிக் கறுப்பு பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார்கள். யார் சீர் பெரிய திரையில் முதலில் ஓடுகிறதோ, அவர் மடியில்தான் பிள்ளை உட்காரும் என்று பேச்சு. பத்தரைக்கு ராகு காலம் வேறு.

"அண்ணே, அது பென்டிரைவுக்குக் கம்ப்யூட்டராக் குடுக்குற எழுத்து. சி, டி ரெண்டும் அதோட சொந்த இடம். முதல்ல சொருகுனது ஈ, அடுத்தது எஃப். அம்புட்டுதான்."

"அப்ப என்னோடத முதல்ல சொருகு."

இம்மானுவேல் இரண்டையும் பிடுங்கி, அழகுராஜாவுடையதை முதலில் சொருகினான். கம்ப்யூட்டர் ஒருமுறை பார்த்த பென்டிரைவை மறக்காது. மறுபடியும் எஃப்.

"மிஷினுக்கும் எங்கண்ணன்தேன் பெருசாத் தெரியுது!"

பந்தியில் யாரோ "எஃப் மாமா" என்று கூப்பிட, சிரிப்பு கிளம்பியது. இம்மானுவேல் பதறிப்போய்த் தன் கையாலேயே எழுத்தை இடம் மாற்றிவைத்தான். அழகுராஜாவின் முகம் மலர்ந்த அதே நேரம், பின்னால் காசிமாயன் வந்து நின்றார்.

"தம்பி, நான் மூத்தவன். எனக்கு எஃப்பா?"

"அண்ணே, எழுத்துல என்னண்ணே இருக்கு..."

"ஒண்ணுமில்லேல்ல? அப்ப ஏ குடு. அது சும்மாதான கெடக்கு?"

"ஏ, பி ரெண்டும் அந்தக் காலத்துப் பிளாப்பி டிஸ்க்குக்கு ஒதுக்குனதுண்ணே."

"பிளாப்பி எங்க?"

"இப்ப யாரும் வச்சிக்கிறதில்லண்ணே."

"வராத ஆளுக்கு இலை போட்டு வச்சிருக்கீக, வந்த மாமனுக்கு இடமில்லையா?"

நியாயமான கேள்விதான். இம்மானுவேல் காசிமாயனுக்கு ஏ, அழகுராஜாவுக்கு பி என்று மாற்றினான். சுமுகமாக முடிந்தது என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தான் பாவம்.

"பி-யா? ரெண்டாம் பந்தி! இனி இந்த மண்டபத்துல எனக்கு என்ன வேல? நான் போறேன்க்கா!"

அழகுராஜா துண்டை உதறித் தோளில் போட்டு வாசலைப் பார்த்து நடந்தார். பிள்ளை வீறிட்டது. ஆசாரி ஊசியோடு கடிகாரத்தைப் பார்த்தார். முத்துத்தாய் மட்டும் பதறாமல் பிள்ளையைத் தட்டிக்கொடுத்தாள். தன்னால் ஒரு குடும்பம் உடைகிறதே என்று இம்மானுவேலுக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் ஏ-யை அமுக்கினான்.

திரையில் தாம்பாளங்கள் வரிசையாக வந்தன. மேளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டு வந்தவர் அழகுராஜா.

வாசலில் அழகுராஜா நின்றுவிட்டார். காசிமாயன் திறந்த வாயை மூடவில்லை. இம்மானுவேல் அவசரமாக பி-யை அமுக்கினான். அதில் காசிமாயன் ஆட்டுக்கிடாயோடு வந்தார்.

"ஏலே, எனக்காகவாடா இம்புட்டு நேரம் மல்லுக்கட்டுன?" என்றார் காசிமாயன்.

"நீ மட்டும் என்னவாம்? எனக்குத்தான ஏ வாங்கிக் குடுத்திருக்க!"

மண்டபம் சிரித்தது. இருவருக்கும் அதற்குமேல் முறைக்க முடியவில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு தொடையைக் கொடுத்தார்கள். பவதாரிணி இரண்டிலும் உட்கார்ந்து அழுதாள். ராகு காலத்துக்கு முன்பே காதில் தோடு ஏறிவிட்டது.

இம்மானுவேல் வயரைச் சுருட்டிக்கொண்டே முத்துத்தாயிடம் போனான்.

"மன்னிச்சிருங்கக்கா. எழுத்த மாத்தி மாத்தி, எங்கயோ நான் குழப்பிட்டேன்."

"நீ ஒண்ணும் குழப்பல தம்பி. காலையில ரெண்டு பேரும் பென்டிரைவ எங்கிட்டத்தான் குடுத்து வச்சாக. எப்படியும் சண்ட போடப் போறாக, ஒருத்தருக்காக ஒருத்தரு போடட்டுமேன்னு மாத்திக் குடுத்தது நாந்தேன்!"