ஒப்பாரி மாமாவின் ஞாயிற்றுக்கிழமை

மாட்டுங்காவில் யமனுக்குக் கதவைத் திறந்த வீடுகள் உண்டு. ஒப்பாரி மாமாவுக்குத் திறந்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. அவர் தெருமுனையில் தெரிந்தால் போதும், மாதக் கணக்கில் படுத்துக் கிடக்கும் கிழவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லி அனுப்பு" என்பார்கள்.

பாவம், அவர் என்ன செய்வார்? அது அவருடைய உத்தியோகம். நாற்பதுகளின் கடைசியில், சுதந்திரம் வந்த சூட்டோடு, பம்பாயில் சர்க்கார் செலவில் ஒரு நிதியம் தொடங்கினார்கள். மாகாணத்தில் வழங்கும் மொழிகள், அவற்றின் கல்வி, கலை, ஆராய்ச்சி எல்லாவற்றையும் வளர்ப்பது அதன் வேலை. தமிழுக்கு ஒரு மூலையைத் தடுத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த மூலையில் இரண்டே பேர். ஆராய்ச்சி உதவியாளர் மாமா, டைப்பிஸ்ட் நான்.

மாமா ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்தவர். "அங்கே செத்தவா பேர் மட்டும்தான் வரும். இங்கே பாட்டும் சேர்ந்து வரது பார்!" என்பார். பம்பாய்த் தமிழர்களின் ஒப்பாரிப் பாட்டுகளைச் சேகரிப்பதென்று அவரே ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். ஒப்பாரி என்பது ஏதோ ராகத்தின் பெயர் என்று நினைத்து மேலிடமும் கையெழுத்துப் போட்டுவிட்டது.

கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் டைபாய்டில் கிடந்தார். மாமா சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். போனவர் சும்மா இருந்திருக்கலாம். கஞ்சி புகட்டிக்கொண்டிருந்த அவர் மனைவியிடம், குரலைத் தணித்து, "ஒங்காத்துலே ஒப்பாரி தெரிஞ்சவா யாராவது இருக்காளோ?" என்று விசாரித்துவிட்டார். அவ்வளவுதான். நோயாளி கஞ்சி டம்ளரை வீசிவிட்டு, வேட்டியைக் கையில் பிடித்தபடி மாடிப்படி முழுக்க அவரைத் துரத்தினார். மறுநாள் ஜுரம் இறங்கிவிட்டது. "பாத்தியோ, என் கைராசியை!" என்று மாமா என்னிடம் பெருமையடித்துக்கொண்டார்.

இன்னொரு முறை வடாலாவில் ஒரு சாவு வீடு. மாமா சுவரோரமாக உட்கார்ந்து பாட்டை எழுதிக்கொண்டிருந்தார். பங்காளிகளும் அதே சுவரோரமாகத்தான் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாவிதர் ஒவ்வொரு தலையாக மழித்துக்கொண்டே வந்து மாமாவின் தலையிலும் தண்ணீர் தெளித்துவிட்டார். "சொல்லியிருக்கலாமே மாமா!" என்றேன் மறுநாள், அந்த மொட்டையைப் பார்க்க மாட்டாமல். "நடுவிலே வாயைத் திறந்தா பாட்டு நின்னு போயிடுமேடி கொழந்தே. நல்ல எடம் அது" என்றார்.

ஊரில் தன் அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மொட்டையோடு வந்து நின்ற புருஷனை மாமி என்ன சொன்னாள் என்பது வெளியே வரவில்லை. மாமி அதிகம் பேசாதவள். மடி ஆசாரத்தில் கெட்டி. தாராவிக்கோ வடாலாவுக்கோ போய்விட்டு வரும் மாமாவைத் தலையில் தண்ணீர் கொட்டாமல் உள்ளே விட்டதில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் மேலே பட்டாலே மறுபடி குளிப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேலே புதிதாக ஒரு மராட்டிய அதிகாரி வந்தார். எல்லாரும் அவரை ஸாஹேப் என்றே அழைத்தோம். சிரிக்கத் தெரியாத மனிதர். மாமாவைக் கூப்பிட்டு, "தாராவியில் தோல் பதனிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே என்ன கலை இருக்கிறது?" என்று கேட்டார்.

"ஸார், வந்து கேளுங்கோ. அப்புறம் சொல்லுங்கோ."

"வருகிற ஞாயிறு வருகிறேன். ஒன்றும் இல்லையென்றால் தமிழ் மூலையை மூடிவிட வேண்டியதுதான்."

மூலையோடு என் வேலையும் மாமாவின் வேலையும் போகும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. தாராவிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியை வேண்டுமென்று மாமா நிதியத்தைக் கேட்டிருந்தார். பேச்சியம்மாளுக்குக் கொடுத்த வாக்கு அது. பேச்சியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. தோல் ஷெட்டில் வேலை. தாராவியில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் குரல் அவளுடையதுதான். "பாட்டு எம்புட்டு வேணும்னாலும் தாரேன் சாமி. எம்பேத்திக்கு எழுத்து வந்தாப் போதும்" என்று சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸாஹேப் வந்தார். பேச்சியம்மாளின் குடிசைக்கு முன்னால் இருந்த வெட்டவெளியில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டோம். நான் சுருக்கெழுத்துக்குப் பென்சிலைச் சீவிக்கொண்டேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆனால் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

"என்ன பேச்சியம்மா? ஆரம்பிக்கலாமோல்லியோ?" என்றார் மாமா.

பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "கோவிச்சுக்கிடாதிய சாமி. பக்கத்துக் குடிசையில பச்சப்புள்ளைக்குக் காலையிலருந்து காச்சல். பொணம் இல்லாம ஒப்பாரி வச்சா, அது ஒரு பொணத்தக் கேக்கும்பாக. எங்களால ஏலாது."

அவள் சொன்னதில் தப்பும் இல்லை. குடிசைக்குள்ளிருந்து குழந்தை முனகுவது எங்களுக்கே கேட்டது. ஸாஹேப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "க்யா ஹுவா? பாடப் போகிறார்களா இல்லையா?" என்று என்னைக் கேட்டார். அவர் எழுந்து நின்று தொப்பியை எடுத்துக்கொண்டார்.

மாமா கோட்டைக் கழற்றினார். மடித்து என் கையில் கொடுத்தார். குடையையும் கொடுத்தார். அங்கே கிடந்த கோரைப் பாயைத் தெற்கு வடக்காக இழுத்துப் போட்டு, அதன்மேல் நீட்டி நிமிர்ந்து படுத்தார். இரண்டு கால் கட்டை விரல்களையும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

"அது ஒரு பொணத்தைத்தானே கேக்கும்? எடுத்துண்டு போகட்டும். நான் செத்தாச்சு. பாடுங்கோ."

"ஐயோ சாமி! எந்திரிங்க! பொண்டாட்டி தாலியோட இருக்கையில இப்படிப் படுக்கலாமா?" என்று பேச்சியம்மாள் பதறினாள்.

"பொணம் பதில் சொல்லாது" என்றது பிணம்.

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அது பரவியது. பேச்சியம்மாளால் அதற்கு மேல் முடியவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பாதிச் சிரிப்போடு தொடங்கினாள்:

"கோட்டுப் போட்ட கோமானே
கொடைபுடிச்ச சீமானே
எழவு வீடு எங்கேன்னு
ஏங்கி நின்ன மவராசா!"

பெண்கள் மாரில் அடித்துக்கொண்டே சிரித்தார்கள். ஸாஹேப் மறுபடி உட்கார்ந்தார். என் பென்சில் ஓடியது. அந்த இங்கிலீஷ் சுருக்கெழுத்தில் 'ழ' கிடையாது. நானாக ஒரு கொக்கி போட்டுக்கொண்டேன்.

அடுத்த அடிக்குப் போகும்போது பேச்சியம்மாளின் குரல் மாறிவிட்டது. மெட்டு அதேதான். ஆள் வேறு.

"சுண்ணாம்புத் தொட்டியில
சுருண்டு விழுந்தீகளே
ஊருக்குக் கூட்டிப்போறேன்னு
உறுதி சொல்லிப் போனீகளே
ரயிலு பொறப்பட்டாச்சு ராசா
நான் எந்த வண்டி ஏறுவேன்?"

தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து ஷெட்டிலேயே செத்துப்போன அவள் புருஷனைப் பாடுகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "க்யா போல்தீ ஹை?" என்று அடிக்கு அடி அர்த்தம் கேட்டுக்கொண்டே வந்த ஸாஹேப் கேட்பதை நிறுத்திவிட்டார். மாமாவின் மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. பிணமாகப் படுத்தவர், பாவம், துடைத்துக்கொள்ளக்கூட முடியாமல் கிடந்தார்.

அப்போதுதான் சந்தின் முனையில் மாமி வந்து நின்றாள்.

எங்கள் கட்டடத்துக்குப் பால் ஊற்றும் பையா அந்த வழியாகப் போயிருக்கிறான். மாமா பாயில் கிடப்பதையும் பெண்கள் மாரடிப்பதையும் பார்த்துவிட்டு, மாட்டுங்காவுக்கு ஓடிப்போய், "மாஜி, மாமா குஜர் கயா!" என்று, மாமா செத்தே போய்விட்டதாகச் சொல்லிவிட்டான். மாமி அடுப்பில் வைத்தது வைத்தபடி, செருப்புக்கூடப் போடாமல், மாட்டுங்காவிலிருந்து தாராவிவரை ஓடி வந்திருக்கிறாள். தலை அவிழ்ந்து கிடந்தது. கால் கட்டை விரலில் ரத்தம்.

பாட்டு சட்டென்று நின்றது. மாமி பாயையே வெறித்துப் பார்த்தாள்.

அந்த அமைதியில் மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நிறுத்தாதேங்கோ! நன்னா வரது!"

மாமியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா, திட்டா, சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கால் துவண்டு விழப்போனவளைப் பேச்சியம்மாள் பாய்ந்து பிடித்துக்கொண்டாள். மாமி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். விடவே இல்லை.

"ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல. கல்லாட்டம் இருக்காரு உங்க ஐயரு. பாருங்க, எந்திரிச்சிட்டாரு" என்று பேச்சியம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மாமா எழுந்து உட்கார்ந்திருந்தார். மாமி அழுது அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. கை கால் எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தார்.

ஸாஹேப் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கு என்ன வேண்டும் என்று பேச்சியம்மாளைக் காட்டி என்னிடம் கேட்டார். அவர் கேட்டதை நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. "வாத்தியாரம்மா!" என்றாள் அவள், நேராக அவரைப் பார்த்து.

ஆசிரியை என்று நான் அவருக்குச் சொன்னதும், "மிலேகா" என்றார். கிடைக்கும் என்று அர்த்தம். சொன்னபடியே அடுத்த மாதம் கிடைத்தது. பிறகு மாமாவிடம் திரும்பினார். "ஒப்பாரி போதும். நாளையிலிருந்து நீர் தாலாட்டு சேகரியும். சர்க்கார் வேலையில் இருக்கும்போது சாகக்கூடாது."

"இன்னிக்கு லீவு நாள், ஸார்" என்றார் மாமா.

சிரிக்கத் தெரியாத மனிதர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். மாமா அவருக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாலையில் மூவரும் மாட்டுங்காவுக்கு நடந்தோம். பாதி வழி கடந்தது. பிறகு மாமி கேட்டாள்: "உங்களைப் பத்தி அவ்வளவு பாடினாளாமே, என்னைப் பத்தி ஒரு வார்த்தை பாடினாளோ?"

"இல்லையே. அதுக்குள்ளே நீ வந்துட்டே. அடுத்த தடவை வேணும்னா..."

"அடுத்த தடவையா!"

மாமா சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மாமி நொண்டி நொண்டி நடந்தாள். அவளுக்குத் தகுந்தாற்போல் அவரும் மெதுவாக நடந்தார். நான் வேண்டுமென்றே கொஞ்சம் பின்தங்கினேன். அந்த மனிதர் உயிரோடு நடந்து போவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போவது, எனக்கு அன்றைக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.