பெண் பார்க்கப் போன கால்

கேசரித் தட்டு வந்த நேரம் பார்த்து, பாண்டியராஜனின் வலது கால் பெருவிரல் துடிக்க ஆரம்பித்தது.

மகன் திருப்பதிக்குப் பெண் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கு வந்திருந்தார்கள். கடலைமிட்டாய்க் கடைக்காரரான பாண்டியராஜனுக்குச் சர்க்கரை வியாதியால் வயிறு மந்தமாகிவிட்டது. காலையில் தின்ற இட்லி சாயங்காலம்வரை இறங்காது. மதுரை டாக்டர் தீப்பெட்டி அளவில் ஒரு மெஷின் கொடுத்திருந்தார். கணுக்காலில் பட்டையை ஒட்டினால் மெல்லிய கரண்ட் நரம்பைத் தட்டி, வயிற்றை அசைக்குமாம். பெண் வீட்டில் பலகாரத்தை ஒதுக்கினால் தப்பாக நினைப்பார்களே என்று பேன்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வியாதி விஷயம் வெளியே தெரிந்தால் சம்பந்தமே நின்றுபோகும் என்று மனைவி மீனாட்சியம்மாள் காரிலேயே எச்சரித்திருந்தாள்.

எதிரே பெண்ணின் அப்பா பூவனலிங்கம் தன் தட்டைத் தொடாமல், துடிக்கிற விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை மறைக்க, பாண்டியராஜன் கால்மேல் கால் போட்டார். இப்போது பாதம் மொத்தமும் பூவனலிங்கத்தின் முகத்துக்கு நேராக ஆடியது. மீனாட்சியம்மாள் முழங்கையால் இடித்தாள். காலை இறக்கிவிட்டு, பேன்ட் பையில் கைவிட்டு மெஷினைத் தடவி, பொத்தானை அமுக்கினார். கரண்ட் குறைவதற்குப் பதில் கூடிவிட்டது. சுரீர் என்று கால் முன்னால் பாய்ந்து, காப்பி வைத்திருந்த முக்காலியை உதைத்தது. காப்பி தரையெல்லாம் ஓடியது.

பூவனலிங்கம் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திருப்பதிக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. அவன் அப்பாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாண்டியராஜனுக்கு அதுதான் தாங்கவில்லை. மனைவி முறைப்பதைப் பொருட்படுத்தாமல் பேன்ட்டைச் சுருட்டி, பட்டையையும் வயரையும் பெண்ணின் அம்மா ராதாமணியிடம் காட்டினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. எனக்குத் தின்னது செரிக்க மாட்டேங்குது. அதுக்கு வைத்தியம் இது. கால் தானா ஆடுது. மரியாதை தெரியாம செய்யல. அண்ணாச்சி கோவத்தை எப்படியாவது தணிங்க."

ராதாமணி காப்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"கோவம்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. உங்க கால் ஆடுததப் பார்த்த பெறவுதான் அவியளுக்கு ஞாபகம் வந்திருக்கு. தன் மெஷின மாட்டிட்டு வரப் போயிருக்காவ."