ஐந்தாவது வரி யாருடையது?

ஆர்க்கெஸ்ட்ராவில் டபுள் பேஸ் வாசிக்கிற பேஸ்காரருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு மூக்கு. அந்த வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது கழுத்து வரைக்கும் சிவந்திருந்தார். உதறிய செருப்பில் ஒன்று வாசலில் விழுந்தது, இன்னொன்று அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"ஏழாவது வாரம்! மனுஷன் தலை நிமிர்ந்து நடக்க முடியலை!"

சாப்பாட்டு மேஜையில் ஒரு கிழிந்த இசைப் புத்தகத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை. "கையைக் கழுவிட்டுக் கத்துங்க."

கோபத்துக்குக் காரணம் ஒரு துண்டுத் தாள். ஆர்க்கெஸ்ட்ராவின் அறிவிப்புப் பலகையில் வாராவாரம் ஏதோ ஒரு பெரிய படைப்பின் இசைத்தாளிலிருந்து ஒரே ஒரு வரியை ஒட்டுவார்கள். தலைப்பு இருக்காது. வெறும் கோடுகளும் புள்ளிகளும்தான். எழுதியவர் யார் என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஆளுயர வயலின் மாதிரி இருக்கிற டபுள் பேஸைக் கட்டிப் பிடித்து வாசிக்கிற நம்ம ஆள் ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. அதே ஆர்க்கெஸ்ட்ராவின் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தைக்கிற அவர் மனைவி, ஒரு விசிலைக்கூட ஒழுங்காக ஊதத் தெரியாதவள், ஏழு வாரமாக விடாமல் ஜெயிக்கிறாள்.

"இன்னிக்கு எல்லார் முன்னாடியும் எங்க ஆர்க்கெஸ்ட்ரா தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? 'சந்தேகம்னா வீட்டுல கேட்டுட்டு வாங்க'ன்னார். புல்லாங்குழல் வரிசை மொத்தமும் சிரிச்சுது!"

"நல்லதுதானே சொல்லியிருக்கார்."

"நீ எப்படிக் கண்டுபிடிக்கறே? உண்மையைச் சொல்லு!"

"அச்சைப் பார்த்தாலே தெரியும். ஒருத்தர் புள்ளியைச் சாய்ச்சுப் போடுவார், ஒருத்தர் கோட்டைத் தடிமனாப் போடுவார். போன வாரம் வந்தது நானே ஒட்டின பக்கம். என் பசைக் கறை கூட இருந்துது."

பேஸ்காரர் மேஜையில் ஓங்கிக் குத்தினார். பசை டப்பா துள்ளியது. "இது மோசடி! சட்டையைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்றது! அச்சு இல்லாம, என் கையெழுத்துல எழுதித் தரேன். அஞ்சு வரி. சொல்லிடுவியா?"

"சொன்னா?"

"என்ன வேணும்னாலும் கேளு!"

அங்கேதான் அவர் வாய் அவரைக் கவிழ்த்தது. அவள் பசைக் குச்சியைக் கீழே வைத்தாள்.

"முன்னறை."

அந்த வீட்டில் ஜன்னல் இருக்கிற ஒரே அறை அது. கல்யாணமான நாள் முதல் அது டபுள் பேஸின் ராஜ்யம். அவளோ சாப்பிடும் இடத்தில் தைத்து, தைக்கும் இடத்தில் சாப்பிட்டு, நாலு வருஷமாக வெளிச்சம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தோற்றால் டபுள் பேஸ் பின்னறைக்குப் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒரு வாஷிங் மெஷின் தன் பங்குக்குக் கச்சேரி செய்துகொண்டிருக்கிறது. பேஸ்காரர் முன்னறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஆனால் கோபக்காரன் பின்வாங்கினால் கௌரவம் என்ன ஆவது?

"சரி! ஆனா அஞ்சும் சரியா இருக்கணும். ஒண்ணு தப்பினாலும் இனி அந்த அறையைப் பத்திப் பேச்சே எடுக்கக்கூடாது."

"ஒரு வரிக்கு எவ்வளவு நேரம்?"

"எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ! தெரியாதவளுக்கு நேரம் எதுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. கீழ்வீட்டுப் பியானோ டீச்சர் நடுவராக வந்து, மடியில் நோட்டும் கையில் பென்சிலுமாக உட்கார்ந்தார். பேஸ்காரர் கறுப்பு மையில் குண்டு குண்டாக எழுதிய ஐந்து தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி விசிறினார்.

முதல் தாளைப் பார்த்து அவள் பெயரைச் சொன்னாள். சரி. இரண்டாவது, சரி. மூன்றாவது தாளை மேஜையில் வைப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டாள். நான்காவதும் சரி.

பேஸ்காரரின் காது சிவந்தது. மூக்கு சிவந்தது. "எப்படி? இதுல அச்சும் இல்லை, பசையும் இல்லை!"

"நாலு புத்தகத்தையும் எங்க நூலகத்துலதானே எடுத்தீங்க? பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு? அந்தச் சீட்டை அடுக்கி வெக்கறது யாரு? எடுத்த வரிசையிலேயே தாளையும் நீட்டறீங்க."

டீச்சர் இருமினார். அது சிரிப்பு என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"பரவாயில்லை!" பேஸ்காரர் ஐந்தாவது தாளைப் படாரென்று வைத்தார். "இதைச் சொல்லு பார்க்கலாம்!"

இந்தத் தாளுக்குச் சீட்டு கிடையாது. புத்தகமே கிடையாது. அது அவருடைய சொந்த இசை. எல்லா மேதைகளும் டபுள் பேஸுக்கு 'பொம் பொம்' என்று மட்டுமே எழுதிவைத்த அநியாயத்தைப் பொறுக்காமல், அவரே பன்னிரண்டு வருஷமாக யாருக்கும் காட்டாமல் எழுதிவரும் சிம்பொனி. டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதை இவள் எங்கே பார்த்திருக்கப் போகிறாள்?

அவள் பார்த்தாள். தாளைத் திருப்பினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். ஐந்து நிமிஷம் ஓடியது. பேஸ்காரருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் இறங்கிப் புன்னகை எட்டிப்பார்த்தது.

"ஏங்க, காப்பி பண்ணும்போது தப்பு பண்ணிட்டீங்க போல."

"தப்பா? எங்கே?"

"கடைசிக்கு முந்தின புள்ளி. படியில ஏறும்போது கால் தவறின மாதிரி இருக்கு."

"அது அப்படித்தான் இருக்கணும்."

"இருக்காதுங்க. பெரிய ஆளுங்க யாரும் இப்படி எழுத மாட்டாங்க. அவசரத்துல ஒரு கோடு மேலே போட்டுட்டீங்க. அக்கா, அந்தப் பென்சிலைக் கொடுங்க, நான் கீழே இறக்கிடறேன்."

"தொடாதே!" காது, மூக்கு, கழுத்து எல்லாம் ஒரே நேரத்தில் சிவந்தன. "அதுல கை வெக்காதே!"

"எதுக்குங்க இவ்வளவு கோபம்? யாரோ எழுதினது. எழுதினவருக்கே அன்னிக்குத் தூக்கக் கலக்கமோ என்னவோ."

"தூக்கக் கலக்கமா? யாரோவா?" பேஸ்காரர் நாற்காலி கவிழ எழுந்தார். "அந்த ஒரு புள்ளிக்காக மூணு மாசம் யோசிச்சிருக்கேன்டி! அது தப்பில்லை, அதுதான் உயிர்! நான் எழுதினது! என் சிம்பொனி!"

அவள் பென்சிலை மெல்ல டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"எழுதிக்கோங்க அக்கா. அஞ்சாவது வரி, எங்க வீட்டுக்காரர் எழுதினது."

"இது செல்லாது! நானே சொன்னது எப்படிச் செல்லும்?"

"கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?" என்றார் டீச்சர், நோட்டைப் புரட்டியபடி. "இல்லையே. உங்க தலைவர் கூட வீட்டுல கேட்கலாம்னு சொன்னாராமே, வெள்ளிக்கிழமை நீங்க கத்தினது கீழே வரைக்கும் கேட்டுதே."

இன்னும் பேசினால் எதை இழப்பாரோ என்று பேஸ்காரருக்கே பயம். பல்லைக் கடித்துக்கொண்டு டபுள் பேஸைத் தோளோடு அணைத்துப் பின்னறையை நோக்கி நகர்ந்தார். பாதி வழியில் பொறுக்கவில்லை. திரும்பினார்.

"அது சரி. உனக்கு ஸ்வரப் புள்ளி ஒண்ணு கூடப் படிக்கத் தெரியாதே. அந்தப் புள்ளி தப்புன்னு எப்படிச் சொன்னே?"

"எனக்கென்ன தெரியும்? நாலு புத்தகம்தான் எடுத்தீங்க, அஞ்சாவது எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியலை. உங்களைக் கிளறினா நீங்களே சொல்லிடுவீங்க. அதுக்காகச் சும்மா ஒரு புள்ளியைத் தொட்டேன்."

பேஸ்காரருக்கு உயிர் வந்தது. அறை போனால் போகட்டும், புள்ளி பிழைத்ததே. "கேட்டீங்களா டீச்சர்? சும்மா சொன்னாளாம்!"

டீச்சர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஐந்தாவது தாளை மெதுவாக வாயசைத்துப் படித்துப் பார்த்தார்.

"அவ சும்மா சொல்லியிருக்கலாம் தம்பி. ஆனா அது தப்புதான்."